வேட்டை, மீன்பிடி உரிமம் விற்கும் கடைகளுக்கு அமெரிக்க மாநிலங்கள் விதிகளைத் தளர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஏரிக்கரையில் தூண்டில் போட வேண்டுமானாலும், காட்டில் மான் வேட்டைக்குப் போக வேண்டுமானாலும், அந்தந்த மாநிலத்தின் உரிமத்தை முதலில் வாங்கியாக வேண்டும். அந்த உரிமத்தை மக்கள் நெடுங்காலமாக ஊர்க் கடைகளிலேயே வாங்கிவந்திருக்கிறார்கள். அரசின் பணத்தை அரசுக்காக வசூலித்துக் கொடுக்கும் இந்தக் கடைகள் மீது மாநிலங்கள் பல விதிகளைச் சுமத்தியுள்ளன. அவற்றில் எவை தேவை, எவை தேவையற்றவை என்ற விவாதம் பல மாநிலச் சட்டமன்றங்களில் தொடர்ந்து நடந்துவருகிறது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன்.

உரிமத்தை விற்பவர்கள் யார்?

தூண்டில் கடைகள், துப்பாக்கிக் கடைகள், இரும்புச் சாமான் கடைகள், பெட்ரோல் பங்கோடு சேர்ந்த பலசரக்குக் கடைகள், வால்மார்ட் போன்ற பெருங்கடைகள், சில மாநிலங்களில் ஊராட்சி எழுத்தர்கள், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தின் பொருளாளர்கள் எனப் பலரும் விற்கிறார்கள். இவர்களுக்கு முகவர் என்ற பெயர் பொதுவாக வழங்குகிறது. முகவர் அரசு ஊழியர் அல்லர். ஆனால் உரிமம் விற்ற பணம் கல்லாவில் விழுந்த நொடியிலிருந்து அது அவருடைய பணமும் அல்ல. விதிகளில் பாதி, இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் நிலையிலிருந்துதான் பிறக்கின்றன.

இந்தியாவில் வேட்டையாடுவதே குற்றம். அங்கே அரசே உரிமம் விற்பது எப்படி?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமத்துடன் கூடிய வேட்டைக்குச் சிறிது இடம் விட்டிருந்தது. 1991-இல் கொண்டுவந்த திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. அமெரிக்கா வேறு வழியில் சென்றது. அங்கே காட்டு விலங்குகள் மக்கள் அனைவருக்கும் பொதுவானவை, மாநில அரசு அவற்றின் காப்பாளர் என்ற கொள்கையில், எந்தப் பருவத்தில் எத்தனை விலங்குகளைப் பிடிக்கலாம் என்பதை அரசு வகுக்கிறது. அந்தக் காவலுக்கான செலவை வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்போருமே உரிமக் கட்டணமாகக் கொடுக்கிறார்கள். 2022-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 1.44 கோடிப் பேர் வேட்டையாடினார்கள், ஏறத்தாழ 3.99 கோடிப் பேர் மீன் பிடித்தார்கள். வேட்டையை ஏற்பதும் மறுப்பதும் தனி விவாதம்; உரிம விற்பனை செவ்வனே நடக்காவிட்டால் அங்கே காடுகளையும் நீர்நிலைகளையும் காக்கும் பணம் குறையும் என்பது மட்டும் உறுதி.

முகவராக இருப்பவர் எந்தெந்த விதிகளுக்கு உட்பட வேண்டும்?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்றாலும், பொதுவான அமைப்பு ஒன்று உண்டு. கடைக்காரர் விண்ணப்பிக்கிறார், சில இடங்களில் விண்ணப்பக் கட்டணம் கட்டுகிறார். அவர் பணத்தைக் கட்டாமல் போனால் ஈடுசெய்யக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றிடமிருந்து பிணைப் பத்திரம் வாங்கித் தரச் சொல்லும் மாநிலங்கள் உண்டு. அதற்கான சந்தாவை ஆண்டுதோறும் கடைக்காரரே கட்ட வேண்டும். உரிமப் பணத்துக்கென வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். குறித்த நாளில், பெரும்பாலும் வாரம் ஒருமுறை, மாநிலம் அந்தக் கணக்கிலிருந்து தன் தொகையைத் தானே எடுத்துக்கொள்ளும். அந்த நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் அபராதம் விழும்; விற்பனை இயந்திரமும் நிறுத்தப்படலாம். தவறாக அச்சான உரிமத்தைக் குறித்த காலத்துக்குள் ரத்து செய்து, தாளைத் திருப்பி அனுப்ப வேண்டும். வேட்டை விதிமுறைக் கையேடுகளை இலவசமாக வழங்க வேண்டும்.

இவற்றில் பல, தாள் உரிமங்களின் காலத்தில் பிறந்தவை. அப்போது மாநிலம் எண்ணிட்ட வெற்று உரிமப் புத்தகங்களைக் கடைக்கு அனுப்பியது. வெற்றுத் தாள் ஒவ்வொன்றும் காசோலை போன்றது. ஒரு புத்தகம் தொலைந்தால், அல்லது கடை தீப்பிடித்து எரிந்துபோனால், அதிலிருந்த அத்தனை உரிமங்களின் விலைக்கும் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பல வாரங்களுக்கான விற்பனைப் பணம் அவர் கையில் தங்கியிருந்ததால், அன்றைக்குப் பிணை கேட்டதில் நியாயம் இருந்தது.

ஓர் உரிமம் விற்றால் கடைக்காரருக்கு எவ்வளவு கிடைக்கும்?

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டுப் பருவத்தில் உள்ளூரில் வசிக்கும் பெரியவர் ஒருவருக்கான பொது வேட்டை உரிமத்தின் விலை 20.97 டாலர். அதில் 19 டாலர் மாநில வேட்டை ஆணையத்துக்கு. 97 சென்ட் கணினி விற்பனை முறையை நடத்தும் செலவுக்கு. மீதி ஒரு டாலர் கடைக்காரருக்கு. வெளி மாநிலத்தவருக்கான உரிமம் 101.97 டாலர். அதிலும் கடைக்காரருக்கு அதே ஒரு டாலர்தான்.

இப்போது வாடிக்கையாளர் கிரெடிட் கார்டை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு நிறுவனம் நூற்றுக்கு இரண்டரை வீதம் பிடித்துக்கொள்வதாகக் கணக்கிட்டால், 20.97 டாலருக்கு 52 சென்ட் போகும். கடைக்காரருக்கு மிஞ்சுவது 48 சென்ட். வெளி மாநிலத்தவரின் 101.97 டாலருக்கு 2.55 டாலர் போகும். ஒரு டாலர் கூலிக்காக ஒன்றரை டாலருக்கு மேல் கைநட்டம். கார்டுக் கட்டணம் விற்பனைத் தொகை முழுவதற்கும் பிடிக்கப்படுகிறது, அந்தத் தொகையில் கடைக்காரரின் பங்கோ ஒரு துளி என்பதுதான் இதற்குக் காரணம்.

டெக்சஸ் விகிதக் கணக்கில் கொடுக்கிறது: விற்பனையில் நூற்றுக்கு ஐந்து. அங்கே வெளி மாநிலத்தவருக்கான 315 டாலர் பொது வேட்டை உரிமத்தில் கடைக்கு 15.75 டாலர் கிடைக்கும். உள்ளூர்க்காரர் வாங்கும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சேர்த்த 68 டாலர் ஒருங்கிணைந்த உரிமத்தில் 3.40 டாலர். கார்டுக் கட்டணம் போனாலும் கையில் ஏதோ நிற்கிறது. விகிதக் கமிஷனே நேர்மையானது என்பது என் கருத்து. கட்டணம் உயரும்போது கடைக்காரரின் பங்கும் தானாக உயரும். ஒரு டாலரை இரண்டு டாலராக்க ஒவ்வொரு முறையும் சட்டமன்றத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு ஏன் விற்கிறார்கள்?

உரிமம் வாங்க வருபவர் புழுவும் தூண்டில் முள்ளும் காபியும் வாங்கிக்கொண்டு போவார் என்பதால். மேலும், உரிமம் விற்காத தூண்டில் கடைக்குப் பருவத் தொடக்கத்தில் யாரும் வருவதில்லை.

தளர்த்துவது என்று சொல்லும்போது எதைத் தளர்த்தச் சொல்கிறார்கள்?

முதலாவது, பிணைப் பத்திரம். இன்றைய விற்பனை முறையில் வெற்று உரிமம் என்ற பொருளே இல்லை. உரிமம் விற்கும் கணத்தில்தான் உருவாகிறது, அந்தக் கணமே மாநிலத்தின் கணினியில் பதிவாகிறது. எந்தக் கடை எவ்வளவு தர வேண்டும் என்பது மாநிலத்துக்கு நாள்தோறும் தெரியும்; பணம் வராவிட்டால் மறுநாளே இயந்திரத்தை நிறுத்திவிட முடியும். ஆகவே மாநிலத்துக்கு வரக்கூடிய நட்டம் மிஞ்சிப்போனால் ஓரிரு வார விற்பனைதான். ஆண்டுக்கு இருநூறு உரிமம் விற்று இருநூறு டாலர் ஈட்டும் கடையிடம் அந்தச் சிறு அபாயத்துக்காகப் பிணைச் சந்தா கேட்டால், கூலியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பதாகவே ஆகும். பெருங்கடைகளுக்கு இந்தச் சந்தா ஒரு பொருட்டே அல்ல. விலகிப்போவது சிறிய கடைதான்.

இரண்டாவது, கருவி. மாநிலம் கொடுக்கும் தனி இயந்திரத்திலும் தனித் தாளிலும் மட்டுமே அச்சிட வேண்டும் என்பதற்குப் பதிலாக, கடையில் ஏற்கெனவே உள்ள கணினியையும் சாதாரணப் பிரிண்டரையும் பயன்படுத்த விடலாம். வெப்பத்தில் அச்சாகும் தாளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோரிக்கை புரியும்: கோடை நாளில் காரின் முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு மதியம் கிடந்தால் தாள் முழுவதும் கறுத்துப்போய், உரிம எண்ணே தெரியாமல் போய்விடும். பிறகு நகல் கேட்டு அதே கடைக்குத்தான் வருவார்கள்.

மூன்றாவது, தண்டனையின் அளவு. கணக்கில் பணம் ஒரு நாள் தாமதமாக வந்ததற்கும், வசூலித்த பணத்தை மறைத்ததற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. முதல் தவறுக்கு எச்சரிக்கையும் சில நாள் அவகாசமும் கொடுப்பது, இரண்டாவதற்குக் குற்ற வழக்குத் தொடுப்பது எனப் பிரித்து எழுதப்பட்ட விதி வேண்டும். ரத்து செய்த உரிமத்தின் தாள் அஞ்சலில் தொலைந்ததற்காக அதன் முழு விலையையும் கடைக்காரர் தலையில் கட்டுவது, உரிமத்தைக் கணினியிலேயே செல்லாததாக்கிவிட முடிகிற காலத்தில், எந்த வகையிலும் பொருந்தாது.

பென்சில்வேனியாவில் 2022-இல் மாறியது என்ன?

இந்த விவாதத்தில் நான் அதிகம் கவனித்துவந்த மாற்றம் அது. அம்மாநிலத்தில் பொது வேட்டை உரிமத்தை எந்த முகவரும் விற்கலாம். ஆனால் கொம்பில்லா மானை, அதாவது பெரும்பாலும் பெண் மானை, வேட்டையாடுவதற்கான தனி உரிமத்தைக் கவுண்டிப் பொருளாளர்கள் மட்டுமே வழங்க முடியும் என்று சட்டம் இருந்தது. மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது இந்த உரிமங்களின் அளவைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு மேலாண்மைப் பகுதிக்கும் இத்தனை என்று வேட்டை ஆணையம் வரம்பு வைக்கிறது. வேட்டைக்காரர் விண்ணப்பத்தை நிரப்பி, காசோலையும் தன் முகவரி எழுதிய உறையும் சேர்த்து, இளஞ்சிவப்பு நிற அஞ்சல் உறையில் வைத்துப் பொருளாளருக்கு அனுப்புவார். சில பகுதிகளின் உரிமங்கள் வெகு விரைவில் தீர்ந்துவிடும். எந்த அஞ்சல் பெட்டியில் எந்த மணிக்குப் போட்டால் திங்கட்கிழமை காலையில் போய்ச் சேரும் என்பது குடும்பத்துக்குள் கைமாறும் அறிவாகவே இருந்தது.

2022-இல் ஆளுநர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தனியுரிமையை நீக்கியது. எந்த முகவர் கடையிலும், இணையத்திலும், கொம்பில்லா மான் உரிமத்தை வாங்கலாம் என்றானது. பொருளாளர்களும் தொடர்ந்து விற்கலாம்.

முதல் விற்பனை 2023 ஜூன் 26, திங்கட்கிழமை. மாநிலம் முழுவதற்கும் 10,95,000 கொம்பில்லா மான் உரிமங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன; முதலில் உள்ளூர்க்காரர்களுக்கு, ஜூலை 10 முதல் வெளி மாநிலத்தவருக்கு. அன்று காலை கடைகளின் வாசலில் வரிசை நின்றது. இணையத்திலும் மெய்நிகர் வரிசை நீண்டது. எல்லாரும் ஒரே கணினி முறைக்குள் நுழைய முயன்றதால் பலர் பல மணி நேரம் காத்திருந்தார்கள். பழைய உறையே மேல் என்று அன்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களின் கோபம் நியாயமானது, முடிவு நியாயமானதல்ல. யார் விற்கலாம் என்ற விதியைத் தளர்த்தியதால் வரிசை உண்டாகவில்லை. வரம்புள்ள பொருளை ஒரே மணியில் எல்லாருக்கும் திறந்துவிட்டதால் உண்டானது. அதே வரிசை முன்பும் இருந்தது. அஞ்சல் உறைகளுக்குள் இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடைக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால், பொது உரிமம் வாங்க வந்தவர் கொம்பில்லா மான் உரிமத்தையும் அங்கேயே வாங்க முடிந்தது முக்கியமான மாற்றம். அதுவும் ஒரு டாலர் கூலிதான். ஆனால் ஒரே வாடிக்கையாளரிடம், ஒரே நிற்பில், இரண்டாவது டாலர்.

எந்த விதியைத் தளர்த்தக் கூடாது?

கல்லாவின் முன் கேட்கப்படும் கேள்விகளைத் தளர்த்தக் கூடாது என்பேன். அவை நான்கு வகை.

குடியிருப்பு முதலில். உள்ளூர்க்காரருக்கும் வெளியாருக்கும் கட்டண வேறுபாடு பெரிது. மொன்டானாவில் எல்க் மானை வேட்டையாட உள்ளூர்க்காரர் 9 டாலர் கொடுத்தால் போதும், வெளி மாநிலத்தவர் 225 டாலர் தொகுப்பு உரிமம் வாங்க வேண்டும் என்றிருந்ததை எதிர்த்த வழக்கில், அந்த வேறுபாடு செல்லும் என்று 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு இடைவெளி இருக்கும் இடத்தில் பொய் முகவரி கொடுக்கும் ஆசையும் இருக்கும். டெக்சஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வசித்திருந்தால்தான் உள்ளூர்க்காரர். அதற்கான அடையாள ஆவணத்தைப் பார்ப்பவர் கடைக்காரர் ஒருவரே.

அடுத்தது வேட்டைப் பயிற்சிச் சான்று. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பயிற்சி கட்டாயம். துப்பாக்கியோடு காட்டுக்குள் போகும் விஷயம் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மூன்றாவது, சமூகப் பாதுகாப்பு எண், அதாவது கூட்டாட்சி அரசு ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் அடையாள எண். மீன் பிடிப்பதற்கு இது எதற்கு என்று கடைக்காரரிடம் சீறுபவர்கள் நிறைய. பிரிந்து வாழும் பெற்றோர் தம் குழந்தைக்காகக் கொடுக்க வேண்டிய பராமரிப்புத் தொகையைக் கட்டாதவர்களைக் கண்டுபிடிப்பதற்காகக் கூட்டாட்சிச் சட்டம் பொழுதுபோக்கு உரிமங்களின் விண்ணப்பத்திலும் அந்த எண்ணைப் பதியச் சொல்கிறது. பாக்கி வைத்தவரின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் மாநிலங்களுக்கு வழி செய்கிறது. மாநிலம் நினைத்தாலும் நீக்க முடியாத விதி இது. ஆனால் கேட்கும் விதத்தை மாற்றலாம். பின்னால் ஆறு பேர் நிற்கும்போது ஒன்பது இலக்கத்தையும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டியிருப்பது அவருக்கும் அவமானம், எழுதுபவருக்கும் சங்கடம். வாடிக்கையாளரே தட்டிக்கொள்ள ஒரு சிறிய விசைப்பலகை இருந்தால் போதும்.

நான்காவது, வலசைப் பறவைகளை வேட்டையாடுபவர்களிடம் கேட்கும் கேள்விகள். சென்ற பருவத்தில் எத்தனை வாத்து, எத்தனை புறா சுட்டீர்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். இந்தப் பதிவிலிருந்துதான் கூட்டாட்சி மீன், வனவிலங்குத் துறை மாதிரியெடுத்து, நாடு முழுவதும் எவ்வளவு பறவைகள் சுடப்பட்டன என்று மதிப்பிடுகிறது. வரிசை நீளும்போது கடை ஊழியர் கேள்வியைக் கேட்காமலே எல்லாவற்றுக்கும் பூஜ்யம் தட்டிவிடுவதுண்டு. அந்தப் பூஜ்யம் அடுத்த ஆண்டின் பறவை வரம்பு வரை போய்ச் சேரும். இங்கே கடைக்காரரைத் தண்டிப்பதைவிட, இந்தப் பதிவை வேட்டைக்காரரே இணையத்திலோ தொலைபேசியிலோ செய்துகொள்ளச் சொல்வது நல்லது. சில மாநிலங்கள் அப்படித்தான் மாற்றியுள்ளன.

உரிம விற்பனைக்கும் கூட்டாட்சி நிதிக்கும் என்ன தொடர்பு?

மிக நெருங்கிய தொடர்பு. 1937-இல் செனட்டர் கீ பிட்மனும் வர்ஜீனியாவின் பிரதிநிதி வில்லிஸ் ராபர்ட்சனும் கொண்டுவந்த சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரும் வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிட்டது. நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் நூற்றுக்கு 11, கைத்துப்பாக்கிகளுக்கு நூற்றுக்கு 10. 1950-இல் வந்த டிங்கல்–ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகளுக்கான வரியை மீன்வளத்துக்கு அதே வழியில் கொடுத்தது. இந்தப் பணத்தைப் பங்கிடும்போது மாநிலத்தின் பரப்பளவோடு, பணம் கொடுத்து உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. மீன்வள நிதியில் உரிமக்காரர் எண்ணிக்கைக்கு நூற்றுக்கு 60 எடை. தகுதியான திட்டச் செலவில் நூற்றுக்கு 75 வரை கூட்டாட்சி கொடுக்கும், மீதியை மாநிலம் போட வேண்டும்.

இதனால் ஒரு சிற்றூர்க் கடை உரிமம் விற்பதை நிறுத்தி, அங்கே வழக்கமாக வாங்கும் முப்பது பேர் அந்த ஆண்டு வாங்காமல் விட்டுவிட்டால், முப்பது கட்டணத்தோடு இழப்பு நிற்காது. மாநிலத்துக்கு நிகர வருமானம் தரும் உரிமம்தான் எண்ணிக்கையில் சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த நிகரத்தைக் கணக்கிடும்போது முகவரின் கூலி கழிக்கப்படுகிறது. எனவே கூலி உயர்வை உரிம விலைக்குள்ளிருந்து வெட்டாமல், அதற்கு மேல் சேர்த்து வாங்குவதே பாதுகாப்பான வழி. உரிமப் பணத்தை மீன், வனவிலங்கு நிர்வாகத்தைத் தவிர வேறெதற்கும் செலவிடக் கூடாது என்பது கூட்டாட்சி நிதிக்கான நிபந்தனை என்பதால், சாலை போடவும் பற்றாக்குறையை அடைக்கவும் சட்டமன்றம் அதில் கைவைக்க முடியாது.

எல்லாவற்றையும் ஆன்லைனில் விற்றுவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காதல்லவா?

ஆன்லைன் விற்பனை வளர்வது நல்லதே. வாத்து போன்ற நீர்ப்பறவைகளை வேட்டையாடுபவர்கள் வாங்க வேண்டிய கூட்டாட்சி வாத்து முத்திரையே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது: 1934-இல் ஒரு டாலருக்குத் தொடங்கிய அந்த முத்திரை இன்று 25 டாலர், மின்முத்திரை முன்பு 45 நாளுக்குத்தான் செல்லும், 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதைப் பருவம் முழுவதற்கும் செல்லுபடியாக்கியது. கலிபோர்னியாவிலும் 2023 முதல் மீன்பிடி உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். அதற்கு முன் அக்டோபரில் வாங்கினாலும் டிசம்பர் 31-இல் முடிந்துவிடும் என்பதால், ஆண்டின் பிற்பகுதியில் வருபவர்களிடம் விளக்கம் சொல்லியே கடைக்காரர்கள் களைத்துப்போனார்கள்.

ஆனாலும் கைபேசிச் சிக்னல் எட்டாத மலையடிவார ஊர்கள் இருக்கின்றன. வயதானவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் நவீனக் கருவிகளைத் தவிர்த்து வாழும் கிறித்தவப் பிரிவினரான, வீட்டில் இணையமே வைத்துக்கொள்ளாத ஆமிஷ் குடும்பத்தினர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வேட்டையாடுபவர்கள். எந்தப் பகுதிக்கு எந்த உரிமம், வில்லுக்குத் தனியா, மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டால் என்ன வாங்க வேண்டும் என்ற கேள்விகளோடு இவர்கள் வருவது கடைக்குத்தான். திரையில் தவறான பெட்டியைத் தொட்டு வாங்கிய உரிமத்தோடு காட்டில் வனக்காவலரிடம் மாட்டுபவரும், கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பார்.

அங்கே வேலைக்காகச் சென்றுள்ள தமிழர்கள் உள்ளூர்க்காரர் கட்டணத்தில் மீன்பிடி உரிமம் வாங்க முடியுமா?

பொதுவாக முடியும். மாநிலங்கள் பார்ப்பது பெரும்பாலும் வசிப்பிடத்தை, குடியுரிமையை அல்ல. அந்த மாநில ஓட்டுநர் உரிமமும், மாநிலம் சொல்லும் கால அளவு வசித்ததும் இருந்தால் போதுமானதாக இருக்கும். ஊரிலிருந்து பார்க்க வந்திருக்கும் அப்பாவுக்கு வெளியார் கட்டணம்தான். அவருக்குப் பல மாநிலங்களில் விற்கப்படும் ஒரு நாள் உரிமத்தைக் கேளுங்கள். கடைக்காரர் கடவுச்சீட்டைப் பார்த்துச் சற்றுத் தயங்கினால் பொறுமையாக இருங்கள். அவருடைய திரையில் அந்த ஆவண வகை எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.